இடது காதும் சைக்கிளும்

நான் விழுந்த பிறகும் ரேடியோ நிற்கவில்லை. சிலமலை ஊரைத் தாண்டி வாய்க்கால் ஓரமாகப் போகும் வண்டித்தடத்தில் அது நடந்தது. சைக்கிள் கரைமேல் சாய்ந்து கிடந்தது. சேலை மூட்டையில் பாதி தண்ணீரில் நனைந்தது. நான் சேற்றில் குப்புற விழுந்து, எழப் பார்த்து, மறுபடி விழுந்தேன். ஹேண்டில்பாரில் தோல் உறையோடு கட்டியிருந்த ரேடியோ மட்டும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒரு பெண் குரலில் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள்.

“ராவுத்தரே, என்ன செய்யுது?”

“தலையச் சுத்துது ஆத்தா. புடிங்க.”

“தண்ணி கிண்ணி போட்டிருக்காரோ?” என்று பின்னால் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

“அட போடி. அந்த மனுசன் வெத்தலைகூடப் போட மாட்டாரு.”

இரண்டு பேர் கைத்தாங்கலாக நிறுத்தினார்கள். எதிரே இருந்த மலை இடமிருந்து வலமாக ஓடியது. ஓடி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. கண்ணை மூடினால் மலை நின்றது, ஆனால் நான் உருள ஆரம்பித்தேன். வாந்தி எடுத்தேன். பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த சம்சாரி ஒருவர் தன் மாட்டுவண்டியில் படுக்கவைத்து, சைக்கிளையும் மூட்டையையும் மேலே போட்டு, போடியில் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

காதில் சீழ் வடிகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். நானும் அப்படித்தான் இருபது வருஷம் இருந்தேன். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, பஞ்சை அடைத்துக்கொண்டு, வேறு சோலியைப் பார்த்தேன். அதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நயா பைசா வந்த மறுவருஷம் அது. என் மனைவி ஜைத்தூனின் அண்ணன் கமால் கொழும்பில் கடை வைத்திருந்தார். ஊரோடு வந்துவிடும்போது எனக்கென்று ஒரு ரேடியோ கொண்டுவந்தார். செங்கல் அளவுதான் இருக்கும். கரண்டு வேண்டாம், பேட்டரி போட்டால் போதும். சைக்கிளுக்கு முனிசிபாலிட்டி வரி வில்லை, ரேடியோவுக்குத் தபாலாபீஸ் லைசென்ஸ் என்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு நான் கிளம்பினேன். அதுவரை தெருத்தெருவாக “சேலை, சேலை” என்று கத்தித் தொண்டை வறண்டவன் நான். ரேடியோ வந்த பிறகு கத்தவே தேவையில்லாமல் போயிற்று. பாட்டு தெருமுனைக்கு வந்தால் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ராசிங்காபுரத்தில் எனக்கு ரேடியோ ராவுத்தர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் வியாபாரத்துக்காக மட்டும்தான் ரேடியோ வைத்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். ஆளில்லாத பாதையில்தான் நான் சத்தத்தைக் கூட்டுவேன். மெதுவான பாட்டு வந்தால் கால் மெதுவாக மிதிக்கும். துள்ளுப் பாட்டு வந்தால் மேடுகூடத் தெரியாது. சனிக்கிழமைகளில் ஏலத்தோட்டத்து ஜீப்பின் மேல் சைக்கிளைக் கட்டி மலைக்கு ஏற்றிக்கொண்டு போவேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் விற்றுவிட்டு ஞாயிறு காலையில் இறங்குவேன். மேலே சிலோன் பாட்டு பக்கத்து வீட்டில் பாடுவது போலத் தெளிவாகக் கேட்கும். இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி வளைவு வளைவாக இறங்குவேன். முகத்தில் குளிர்காற்று, மூக்கில் ஏலக்காய் வாசம், காதில் பாட்டு. முப்பது வயதில் எனக்குக் கிடைத்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

அந்த ஐப்பசியில் சளி பிடித்தது. எப்போதும் வடிகிற காது திடீரென்று வடிவது நின்றது. குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நாலாவது நாள் இடது காதுக்குப் பின்னால் விண் விண்ணென்று தெறித்தது. ஜைத்தூன் கண்ணாடியைக் காட்டினாள். காதுமடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. அதற்கும் ஒரு பற்றுப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அன்றுதான் வாய்க்காலில் விழுந்தேன்.

போடி டாக்டர் என் காதைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைப் பார்த்தார். கருவிழிகள் தானாக ஒரு பக்கம் இழுத்து இழுத்து ஓடுவதாகச் சொன்னார். ஒரு பென்சிலின் ஊசி போட்டார்.

“இது இங்க வச்சுப் பாக்குற சமாச்சாரம் இல்ல. இன்னைக்கே மதுரைக்குக் கொண்டு போங்க” என்றார் ஜைத்தூனிடம்.

“நாளைக்குப் போனா ஆகாதா?” என்றேன் நான்.

அவர் மறுபடியும் ஜைத்தூனைப் பார்த்து, “வெரசாப் போங்கம்மா” என்றார். பயம் எனக்கு அந்த இடத்தில்தான் பிடித்தது.

மதுரை ரயிலில் கமாலின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன். தண்டவாளச் சத்தம் ஒவ்வொன்றும் காதுக்குள் ஆணி அடித்தது. பெரியாஸ்பத்திரியில் காது மூக்குப் பிரிவின் வராந்தாவில் நீள பெஞ்சுகள் கிடந்தன. எனக்கு உட்கார முடியவில்லை, தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தரை அசையாது என்று தெரிந்தும் கையை எடுக்கத் துணிவில்லை. பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஒரு குழந்தை இடைவிடாமல் அழுதது. அதன் தாயிடம் ஜைத்தூன், “சூடா எண்ணெ ஊத்திராதீகம்மா” என்று சொல்வது கேட்டது. அதற்குள் அவளும் பாடம் படித்துவிட்டாள்.

நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்த டாக்டர் பொறுமைசாலி. எஃகில் செய்த, இரண்டு பல் மட்டும் உள்ள முள்கரண்டி போன்ற ஒன்றை முழங்காலில் தட்டி என் உச்சந்தலையில் வைத்தார். கிண்ணென்று ஒலித்தது.

“எந்தப் பக்கம் கேக்குது?”

“வலது பக்கம்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்து வந்த பிறகு கமாலையும் ஜைத்தூனையும் உட்காரவைத்துச் சொன்னார். காதுக்குப் பின்னால் தொட்டால் தட்டுப்படுகிற மேட்டு எலும்பு உள்ளே தேன்கூடு மாதிரிப் பொந்து பொந்தாக இருக்குமாம். அந்தப் பொந்துகளில் சீழ் கட்டி எலும்பை அரித்துவிட்டது. அதற்கு மேலே முட்டை ஓடு கனத்துக்கு ஒரு தடுப்பு. அதற்கு அப்பால் மூளை.

“காது கேக்குறதுக்கு மட்டும்தான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொத்தனார் ரசமட்டம் வச்சுச் சுவர் பாக்குறதப் பாத்திருக்கீங்கள்ல? அந்த மாதிரி உள்ளே மூணு வளைஞ்ச குழாய், அதுல தண்ணி. நீங்க நேரா நிக்கிறது, நடக்கிறது, சைக்கிள் விடுறது எல்லாம் அதை வச்சுத்தான். சீழ் அதுக்குள்ளேயும் போயிருச்சு.”

“ஆபரேசன் பண்ணினாச் சரியாயிருமா?” என்றார் கமால்.

“உயிர் பிழைக்கும். இந்தக் காது இனிமே கேக்காது.”

எனக்கு அழுகை வந்தது. பாட்டும் சைக்கிளும் ஒரே எலும்புக்குள் குடியிருந்தன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக எடுக்கப் போகிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

“என்னத்த யோசிக்கப் போறீங்க?” என்றாள் ஜைத்தூன். “ஒரு காது போனாப் போகட்டும். எனக்கு உங்க தலை வேணும். எங்க கையெழுத்துப் போடணும் சார்?”

மறுநாள் காலையில் முகத்தில் வலைத்துணி வைத்து மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இனிப்பும் காரமுமாக ஒரு வாடை. எண்ணச் சொன்னார்கள். பதினொன்று வரை எண்ணியது நினைவிருக்கிறது. உளியும் சுத்தியும் வைத்து எலும்பைக் கொத்தி எடுத்தார்களாம். தச்சு வேலை மாதிரிதான் என்று டாக்டரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்.

நான் கண்விழித்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, “சிரிங்க பாப்போம்.”

என்ன பேச்சு இது என்று நினைத்தேன். சிரித்தேன். இரண்டு கண்ணையும் இறுக மூடச் சொன்னார். மூடினேன். அவர் முகம் தெளிந்தது. முகத்தை அசைக்கிற நரம்பு அந்த எலும்பு வழியாகத்தான் போகிறதாம். உளி ஒரு நூல் தவறினால் வாய் கோணிவிடும். அதைப் பார்க்கத்தான் சிரிக்கச் சொன்னார்.

தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. இடது பக்கம் நிசப்தம் என்று நினைக்காதீர்கள். அடுப்பில் ஈர விறகு எரிகிற மாதிரி ஓயாத இரைச்சல். இன்றைக்கும் அது இருக்கிறது. பழகிவிட்டது, அவ்வளவுதான். முதல் மூன்று நாள் தலையை விரல்கடை அசைத்தாலும் கட்டில் கவிழ்ந்தது. சன்னல் கம்பியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தக் கம்பியின் துருகூட எனக்கு மனப்பாடம். ஊசி போட வருகிற நர்ஸ் மலையாளத்துப் பெண். “தல அனக்கண்டா, கேட்டோ” என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் ஊசியை எடுப்பாள். அசைக்காதே என்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்து லயங்களில் சேலை விற்றவனுக்கு அந்த அளவு மலையாளம் வரும்.

ஜைத்தூன் கட்டிலுக்கு இடது பக்கம், சுவரோரம் பாய் விரித்திருந்தாள். இரண்டாம் நாள் அவள் ஏதோ கேட்டிருக்கிறாள், நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டிருக்கிறாள். திரும்பிப் பார்த்தபோது அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலைச் சுற்றி வந்து, ஆட்கள் நடக்கிற வழியாக இருந்தாலும் பரவாயில்லை என்று வலது பக்கம் விரித்துக்கொண்டாள். இன்றுவரை என் வலது பக்கம்தான் நடக்கிறாள்.

ஐந்தாம் நாள் டாக்டர் வந்து எழுந்து நிற்கச் சொன்னார். முடியாது என்றேன்.

“நல்லா கேட்டுக்கங்க. இடது ரசமட்டம் போச்சு. வலது ஒண்ணு இருக்கு. கண்ணு இருக்கு, கால் இருக்கு. இந்த மூணும் சேந்து வேலையைக் கத்துக்கும். ஆனா நீங்க அசைஞ்சாத்தான் கத்துக்கும். சுத்துதேன்னு படுத்தே கிடந்தீங்கன்னா ஆயுசு முழுக்கச் சுத்தும்.”

“சைக்கிள் விட முடியுமா சார்?”

“முதல்ல கக்கூசுக்கு நடந்து போங்க” என்றார்.

அன்று மாலையே போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, பதினாறு கட்டில் தூரம். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தேன். மறுநாள் சுவரை விட்டு ஒரு கை தூரத்தில் நடந்தேன். பத்தாம் நாள் வராந்தாவின் முனைக்குப் போய்த் திரும்பினேன். என் நடையைப் பார்த்து எதிர்க் கட்டில்காரர் ஒருவர், “மதுவிலக்கு இந்த வார்டுக்கு இல்லபோல” என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கொஞ்சம் சாய்ந்துதான் போனேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கமால் ரயிலில் வருவார். என் தங்கை அவித்துக் கொடுத்த இடியாப்பம் வாழை இலையில் இருக்கும். மூன்றாவது வெள்ளி ரேடியோவையும் கொண்டுவந்துவிட்டார். நான் கையில் வாங்கவில்லை.

“ஏன் மச்சான்?”

“வேணாம். பாதிப் பாட்டு கேக்குறதுக்கு ஒண்ணும் கேக்காமலே இருக்கலாம்.”

அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் ஜைத்தூன் அதை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, என் வலது காதோரம் தலையணையில் வைத்தாள். நாகஸ்வரம் வந்துகொண்டிருந்தது. பாதியாக இல்லை. முழுதாக இருந்தது. ஒன்றும் குறையவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் ரேடியோவையும் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஆனால் ஒன்று குறைந்துதான் இருந்தது. அது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. சத்தம் கேட்டது, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஜைத்தூன் என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு ரேடியோவை அறைக்குள் எங்காவது வைப்பாள். நான் கைகாட்ட வேண்டும். அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாலும் சரி, சன்னலில் வைத்தாலும் சரி, என் கை வலது பக்கம்தான் போகும். இருபது முறை செய்திருப்போம். பெட்டி நேர் எதிரே பாடும்போதும் வலதுபக்கமே காட்டினேன். அவள் துணியை அவிழ்த்தாள்.

“பின்னால ஜீப்பு வந்தா?” என்றாள்.

நான் எழுந்து ரேடியோவை நிறுத்தினேன்.

கமால் ஏற்கனவே முடிவு செய்திருந்தார். பஜாரில் ஒரு சின்ன இடம் பார்த்திருப்பதாகச் சொன்னார். உட்கார்ந்த இடத்தில் சேலை விற்கலாம். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் சண்டை போட்டேன்.

“ஒக்காந்து விக்கிறதுக்கு வேற ஆளப் பாருங்க மச்சான். எனக்குக் காலு போகல.”

“காலு போகல, சரி. தலை போயிருமேன்னுதானே சொல்றேன்!”

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஜைத்தூன் இருவருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னாள். “முதல்ல விட வருதான்னு பாப்போம். வரலேன்னா கடை. வந்தா, அப்புறம் ஜீப்புக்கு வழி தேடுவோம்.”

ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல் உண்டு. விடிந்ததும் அங்கே போவோம். நான் ஏறி உட்காருவேன். ஜைத்தூன் முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கேரியரைப் பிடித்து ஓடிவருவாள். ஆறு வயதில் ஒரு நாளில் கற்றுக்கொண்டதை முப்பது வயதில் மூன்று வாரம் கற்றேன். இடது பக்கம் திரும்பினாலே விழுவேன். முழங்கால், முழங்கை, ஒருமுறை தாடை. தண்ணீருக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, “பொம்பளை சைக்கிளப் புடிச்சுக்கிட்டு ஓடுறத இப்பத்தான் பாக்குறேன்” என்றாள்.

“அவுக விழுந்தா நீ வந்து தூக்குவியா?” என்று மூச்சிரைக்கக் கேட்டாள் ஜைத்தூன். அந்தப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

விழுந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் ஒருநாள் பிடிபட்டது. பயத்தில் நான் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ரேடியோவை ஹேண்டில்பாரில் கட்டிப் பாடவிட்டோம். பாட்டில் கவனம் போனதும் கண் தானாக நிமிர்ந்தது. தூரத்து மலை முகட்டைப் பார்த்தபடி மிதித்தேன். சக்கரம் நேராகப் போயிற்று. பொட்டலின் கடைசிவரை போய்விட்டுத்தான் கேரியரில் யாரும் இல்லை என்று கவனித்தேன். ஜைத்தூன் வெகுதூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். ரேடியோவை நிறுத்தினேன். “நான் எப்பவோ விட்டுட்டேன்!” என்று அவள் கத்தியது நன்றாகக் கேட்டது.

ஜீப்புக்கு வழி கமால்தான் கண்டுபிடித்தார். லாரி டிரைவர்கள் பின்னால் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு வட்டக் கண்ணாடியை எங்கேயோ பிடித்து வந்து, சைக்கிள் கடையில் சொல்லி ஹேண்டில்பாரில் முறுக்கிவைத்தார். பஸ்சு போகிற ரோட்டில் ரேடியோவை நிறுத்திவிட வேண்டும், வண்டித்தடத்தில் மட்டும் பாடலாம், மலை இறக்கம் கூடவே கூடாது என்று மூன்று கட்டளை போட்டார். முதல் இரண்டுக்குச் சரி என்றேன். மூன்றாவதற்கு, பாப்போம் என்றேன்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை ராசிங்காபுரத்துக்குத் தனியாகக் கிளம்பினேன். பஸ்சு ஒன்று கண்ணாடிக்குள் சின்னதாகத் தெரிந்தபோதே இறங்கி ஓரமாக நின்றேன். வண்டித்தடம் வந்ததும் பாட்டைத் திறந்தேன். வாசலுக்கு வந்த பெண்கள் என் காதுக்குப் பின்னால் எலும்பு எடுத்த பள்ளத்தைப் பார்த்தார்கள், என்னைக் கதை சொல்லவைத்தார்கள், ஒன்பது சேலை எடுத்தார்கள். ஒருத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சில் நேரம் போனது தெரியவில்லை.

திரும்பும்போது மலைமேல் மேகம் இறங்கி வெளிச்சம் சட்டென்று மங்கிவிட்டது. அப்போதுதான் டாக்டர் சொன்னது புரிந்தது. பாதி வேலையை என் கண்தான் செய்கிறது. முகடு தெரியாமல் போனதும் சைக்கிள் என்னை அறியாமல் இடது பக்கம் சாய்ந்தது. கால் ஊன்றினேன். மறுபடி ஏறினேன், மறுபடி சாய்ந்தது. மூன்றாம் முறை விழுந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பஜாரில் அந்தச் சின்ன இடம் காலியாகத்தான் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. பிறகு எழுந்து மூட்டையை இறுக்கிக் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஊர் எல்லையில் ஜைத்தூன் நின்றிருந்தாள். நான் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்தாள்.

“மங்கின வெளிச்சத்துல சைக்கிள் விட வரல ஜைத்தூன்” என்றேன்.

“அப்ப நாளைக்கு வெள்ளனமே கெளம்புங்க. மூணு மணிக்கெல்லாம் திரும்பிறலாம்” என்றாள்.

மறுநாள் கருக்கல் கலைந்து மலை முகடு தெரியும்வரை வாசலில் நின்றேன். தெரிந்ததும் ஏறி மிதித்தேன்.